பத்தாயிரத்தில் ஒன்று

உலகமே எழுந்து நின்று கைதட்டிய அந்தப் படத்துக்கு ஹெப்சிபா மட்டும் கைதட்டவில்லை.

காலை பதினொன்றே கால் மணி. வள்ளியூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் கோள் உயிராய்வு மையத்தின் பெரிய கூடத்தில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். சிலர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சனிக் கிரகத்தைச் சுற்றும் என்செலடஸ் என்ற சின்ன நிலாவின் பனி ஓட்டை நான்கு மாதம் உருக்கி உருக்கி இறங்கிய 'ஆழி' என்ற கருவி, அந்த ஓட்டுக்கு அடியில் கிடக்கும் கடலிலிருந்து அனுப்பிய படம் அது. கறுப்புப் பின்னணியில் பதினாறு வெளிறிய குச்சிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசியின் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு நாள் கழித்து எடுத்த அடுத்த படத்தில் அவை இருபத்தெட்டு ஆகியிருந்தன. அவை பெருகின. உயிரோடு இருந்தன.

பூமியை விட்டால் வேறெங்காவது உயிர் உண்டா என்று மனிதன் அண்ணாந்து பார்த்து எத்தனை ஆயிரம் வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குப் பதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காபி நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி, வந்துசேர்ந்துவிட்டது என்றுதான் அந்தக் கூடத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஹெப்சிபா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவள் பார்த்தது எண்ணிக்கையை அல்ல, அந்தக் குச்சிகளின் வளைவை. இரண்டாகப் பிரிந்த பிறகும் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு, முழங்கையை மடக்கினதுபோல் கோணிக்கொண்டு நின்றன. கடைத்தெருக் கூட்டத்தில் முன்னால் போகும் சொந்தக்காரரை நடையை வைத்தே கண்டுகொள்வதுபோல அவள் அவற்றைக் கண்டுகொண்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நுண்ணுயிர் படித்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 'ஆழி'யை இதே வளாகத்தில் பூட்டிச் சேர்த்தபோது, அதில் உயிருள்ள எதுவும் ஒட்டிக்கொண்டு போய்விடாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. இன்னொரு உலகத்தின் கடலைத் தொடப்போகும் கருவியில் நம் ஊர்க் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்காக வெள்ளை உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, தூசி புகாத அறையில், ஒவ்வொரு திருகாணியையும் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஊட்டக்கூழ் பூசிய தட்டில் வைத்து, எதுவும் வளர்கிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். மருந்துக்கும் சாகாமல், புற ஊதா ஒளிக்கும் சாகாமல், அடுப்புச் சூட்டிலும் பிழைத்துக்கிடந்த சில கிருமிகளுக்கு அவள் எண் போட்டு வைத்திருந்தாள். அதிலே மகா பிடிவாதக்காரன் நாற்பத்தொன்று. அதன் முழங்கை மடக்கு அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அவள் நேராக இயக்குநர் நாச்சியப்பனின் அறைக்குப் போனாள். முப்பது வருஷம் இந்த ஒரு திட்டத்துக்காகவே வாழ்ந்த மனிதர் அவர். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். பத்திரிகைக்காரர்களைச் சந்திக்க வேண்டிய நேரம் மூன்று மணி. அவர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கு எதுவும் சொல்லாதீங்க," என்றாள். "அது நம்ம நாற்பத்தொன்னு மாதிரி இருக்கு."

அவர் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. உருவத்தை மட்டும் வைத்துச் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். குச்சிபோல இருக்கிற கிருமி பூமியிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறதே, அங்கேயும் உயிர் அதே வடிவத்தை எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். கூடும்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். 'ஆழி'யில் மரபு இழையைப் படிக்கிற கருவி இருந்தது. அதன் தகவல் வந்துசேர இன்னும் மூன்று நாள். அதுவரை பொறுக்க முடியாதா என்று கேட்டாள்.

"படம் ஏற்கனவே உலகம் பூரா போயிருச்சு, ஹெப்சிபா. நான் வாயைத் திறக்கலைன்னா வேற யாராவது திறப்பாங்க." கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

அன்று சாயங்காலம் வள்ளியூர் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். கோயில் மணி அடித்தது, தேவாலய மணியும் அடித்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் அருள்தாஸ் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். அவள் அதைப் பிரிக்கவே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தகவல் வந்தது. அதைப் படித்தவள் ஷாஹிதா. மேலப்பாளையத்துக்காரி; 'ஆழி'யின் வேதியியல் கருவிகளுக்கு அவள்தான் பொறுப்பு. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட அந்த இழையை, ஹெப்சிபா அன்று எண் போட்டு வைத்த பட்டியலோடு ஒப்பிட்டாள். நாற்பத்தொன்றுக்கும் அதற்கும் மொத்தமே பதினோரு எழுத்துக்கள்தான் மாறியிருந்தன. பன்னிரண்டு வருஷக் கதிர்வீச்சில் அவ்வளவு மாறுவது சகஜம்.

நாச்சியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவர் பழைய பதிவேட்டைக் கேட்டார். அவர் கேட்பார் என்று தெரிந்து அவள் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பக்கத்தையும் தானே திருப்பிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், பனியை உருக்கும் முனையின் கடைசி மூட்டில் ஒற்றி எடுத்த மூன்று தட்டுகளில் ஒன்றில் நாற்பத்தொன்று வளர்ந்திருந்தது. மறுபடி மூன்று தட்டு வைத்தாள். எதுவும் வளரவில்லை. அந்த மூட்டைக் கழற்றி மீண்டும் சூளையில் வைத்தால் ராக்கெட் ஏவும் நாள் தவறிவிடும். திட்டம் பதின்மூன்று மாதம் தள்ளிப்போகும். முதலில் அந்த ஒரு தட்டில் வளர்ந்தது கருவியிலிருந்து வந்ததல்ல, ஆய்வகத்திலேயே தட்டில் விழுந்த அழுக்காக இருக்கும் என்று எழுதினாள். இப்படிப்பட்ட கருவியால் ஒரு கடல் கெடுவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக விதி. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விதிக்குள்ளேதான் வந்தது. கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை நெருக்கவில்லை. 'ஆழி' பறக்க வேண்டும் என்று எல்லோரையும்விட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

"யார் கேட்டாலும் நான் போட்ட கையெழுத்துன்னு சொல்லுங்க சார்," என்றாள்.

நாச்சியப்பன் தலையசைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, உலகத்துக்கு என்ன சொல்வது, அங்கே யாருமில்லை, நம் முகத்தையே நாம் பார்த்துக் கும்பிட்டுவிட்டோம் என்று சொல்வதா என்று தனக்குத்தானே பேசுவதுபோல் கேட்டார்.

ஷாஹிதா மட்டும் எழுந்திருக்கவில்லை. மடிக்கணினியை மூடவும் இல்லை.

"இன்னொண்ணு இருக்கு சார்," என்றாள். "அது எதைத் தின்னு வளர்ந்துச்சு?"

அவர்கள் இருவரும் அவளைப் பார்த்தார்கள். கருவியின் சூட்டால் சுற்றியிருக்கும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிரில் சாகாமல் இருந்ததற்கு அது காரணம் என்றாள் ஷாஹிதா. ஆனால் வெறும் உப்புத் தண்ணீரில் ஒன்று பதினாறாகி, பதினாறு இருபத்தெட்டாகாது. தீனி வேண்டும். அதனால் அவள் 'ஆழி' கடலைத் தொட்ட முதல் நாளிலிருந்து எடுத்த பத்தொன்பது நாள் நீர் மாதிரிகளையும் வரிசையாகப் பார்த்திருந்தாள். முதல் நாள் நீரில் நீளமான ஏதோ ஒரு சங்கிலிப் பொருள் இருந்தது. அதைக் கருவி 'அடையாளம் தெரியாதது' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

"எல்லாம் ஒரே நீளம். ஒரே வரிசை. கல்லும் வெந்நீரும் சேர்ந்தா துண்டு துக்கடாதான் வரும் சார், இப்படி அச்சுல வார்த்த மாதிரி வராது. நம்ம உடம்புல இருக்கிற சரக்கும் இல்ல. பூமியில எங்கயும் இல்ல."

"இப்ப?" என்றார் நாச்சியப்பன்.

"அஞ்சாம் நாள் பாதி. பன்னிரண்டாம் நாள் கொஞ்சூண்டு. நேத்து சுத்தமா இல்ல. அது குறையக் குறையத்தான் நாற்பத்தொன்னு ஏறியிருக்கு."

ஹெப்சிபா முதல் நாட்களின் படங்களைக் காட்டச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு படம்தான் அனுப்ப முடியும் என்பதால், எதை அனுப்புவது என்று 'ஆழி'யே தேர்ந்தெடுக்கும். முதல் பத்து நாள் படங்களை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. அவற்றில் வட்ட வட்டமாக ஏதோ மிதந்தன. 'குமிழிகள்' என்று கருவி எழுதியிருந்தது. உருகிய பனியில் குமிழி இருக்கத்தானே செய்யும்.

இரண்டாம் நாள் படத்தில் ஒரு குமிழி நடுவில் இடுங்கியிருந்தது. மூன்றாம் நாள் படத்தில் அதேபோல் நான்கு குமிழிகள். இடுங்கிய இடத்தில் இரண்டு பக்கமும், இரண்டாகப் பிரியும் உயிரணுபோல, அச்சு அசலாக ஒரே அளவு. ஒன்பதாம் நாள் படத்தில் குமிழிகள் சப்பிப்போய்த் தோல் மட்டும் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் முழங்கை மடக்கிய குச்சிகள் இரண்டு.

ஹெப்சிபாவின் கண் அந்தத் திரையைவிட்டு நகர மறுத்தது. ஓர் உலகம் முழுக்க, நானூறு கோடி வருஷமாக, இருட்டில், யாருக்கும் தெரியாமல், தன் பாட்டுக்கு ஒன்று பிழைத்துவந்திருக்கிறது. அதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் போனார்கள். போய்ச் சேர்ந்தார்கள். அது அங்கே இருந்தது.

"கடல் பெருசு," என்றார் நாச்சியப்பன். "கருவியைச் சுத்தி இருந்தது மட்டும் அழிஞ்சுபோயிருக்கலாம்."

"பெருசுதான் சார்," என்றாள் ஷாஹிதா. "ஆனா அங்க நீரோட்டம் இருக்கு. சாப்பாடு இருக்கிறவரைக்கும் இது நிக்காது. ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு. ஒரே சூரியனைச் சுத்தி ரெண்டு இடத்துல தனித்தனியா உயிர் முளைச்சிருக்குன்னா, இந்தப் பிரபஞ்சத்துல எங்க பார்த்தாலும் இருக்கும். அத்தனை நட்சத்திரத்துலயும் இருக்கும். நாம தனி இல்ல."

இதைச் சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். முதலில் நாச்சியப்பன் பேசுவது, பிறகு ஹெப்சிபா பேசுவது என்று ஏற்பாடு. வெளியே கல் விழும், செருப்பு பறக்கும் என்று பயந்து அருள்தாஸ் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தான். அவள் எழுதிவைத்த தாளைப் பார்க்காமலே பேசினாள். அந்தக் குச்சிகள் நம்முடையவை, அவற்றைப் போகவிட்டது நான், அங்கே வேறோர் உயிர் இருந்தது, நம்முடையது அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்றாள்.

முன்வரிசையில் இருந்து ஓர் இளைஞர் கையைத் தூக்கினார். சென்னைத் தொலைக்காட்சி ஒன்றின் நிருபர்.

"மேடம், அப்படின்னா நம்ம வள்ளியூர்க் கிருமி சனிக் கிரகத்துல நல்லபடியா வாழ்ந்துட்டு இருக்கு. அப்படி எடுத்துக்கலாமா?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. வாழ்கிறது, ஆனால் என்று தொடங்கினாள். அந்த 'ஆனால்' எந்த ஒளிபரப்பிலும் வரவில்லை.

அன்று மாலைக்குள் செய்தி வேறாகிவிட்டது. பூமியின் முதல் உயிர் வேற்றுலகில் குடியேறியது. மனித குலத்தின் முன்னோடி. நாளைக்கு நாம், இன்றைக்கு நாற்பத்தொன்று. வள்ளியூர் நாற்சந்தியில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உள்ளூர்ப் பிரமுகர்களின் படங்களுக்கு நடுவில் முழங்கை மடக்கிய ஒரு குச்சி, அதன் கீழே 'சனி மண்டலம் வென்ற எங்கள் மண்ணின் மைந்தன்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் நாற்பத்தொன்று என்று போட்ட பனியன் மாட்டிக்கொண்டு பந்து விளையாடினார்கள். நாகர்கோவில் பேருந்து ஒன்றுக்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். மையத்து வாசலில் கல்லுக்குப் பதில் மாலை வந்தது. ஹெப்சிபாவின் கழுத்தில் யாரோ அதைப் போட்டு, யாரோ படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் கண் நிலைகுத்தி இருப்பதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் பேட்டி பேட்டியாகச் சொல்லிப் பார்த்தாள். அங்கே ஒன்று இருந்ததே, அது போய்க்கொண்டிருக்கிறதே என்றாள். குமிழிதானே மேடம் என்றார்கள். கண்ணுக்குக்கூடத் தெரியாததற்கா இவ்வளவு வருத்தம் என்றார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் அஞ்சலட்டை போட்டிருந்தாள்: 'அங்க இருந்துச்சே, அதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?' அதற்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. கடையில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்து, ஹெப்சிபா பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

மூன்று மாதத்தில் 'ஆழி' ஓய்ந்துபோனது. நாச்சியப்பன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அடுத்து வியாழனின் நிலாவான யுரோப்பாவுக்கு 'ஆழி இரண்டு' போகும் என்று தில்லி அறிவித்தது. அங்கேயும் பனிக்கு அடியில் கடல்.

அவள் வேலையை விட்டுவிட நினைத்தாள். அருள்தாஸும் விட்டுவிடு என்றான். ஆனால் அவள் விட்ட இடத்துக்கு, நம் கிருமி அங்கே போய் வாழ்ந்தால் நல்லதுதானே என்று நினைக்கிற ஒருவர் வருவார். அதனால் தொடர்ந்து வேலைக்குப் போனாள். 'ஆழி'க்குப் பிறகு நாடுகள் கூடி எழுதிய புது ஒப்பந்தக் குழுவிலும் இருந்தாள். ஒரு கடல் கெடுவதற்கான வாய்ப்பின் வரம்பைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். கருவியைச் சுத்தம் பார்த்த அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் எந்த நாடும் எந்தக் கடலுக்கும் கருவி அனுப்பக் கூடாது, அதிகாரியை மாற்றினால் புது அதிகாரி மூன்று மாதம் மறுபடி சோதிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது.

ஆறு வருஷம் அந்த வெள்ளை அறையில் கழிந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் தட்டு வைத்தார்கள். ஒன்றில்கூட எதுவும் வளரவில்லை. உலகத்தில் இதைவிடச் சுத்தமான ஒரு பொருளை மனிதன் செய்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஏவுவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது. இந்தப் பருவம் தவறினால் திட்டத்தையே கைவிட வேண்டியதுதான் என்று தில்லி முன்பே சொல்லியிருந்தது. புதிய இயக்குநர் காலை பத்து மணிக்குத் தாளை அவள் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தார்.

அவள் தாளை முழுக்கப் படித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

இயக்குநர் முதலில் சிரித்தார். எந்தத் தட்டில் என்ன வளர்ந்தது என்று கேட்டார். எதிலும் எதுவும் வளரவில்லை என்றாள். பிறகு என்ன என்றார்.

"என் தட்டுல வளரலைன்னுதான் எனக்குத் தெரியும். கருவியில ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாது. பத்து லட்சத்துல ஒண்ணுன்னு எழுதியிருக்கு. அந்த ஒண்ணு எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன் சார்."

அப்படிப் பார்த்தால் மனிதன் எந்தக் காலத்திலும் எங்கும் போக முடியாது என்றார் அவர். ஆமாம், தொடாமல் பார்க்கிற வழி ஒன்று கிடைக்கும்வரை போகக் கூடாது என்றாள். அவர் மிரட்டினார், கெஞ்சினார், கடைசியில் அழுதார். ஆறு வருஷம் உழைத்தவர்களின் முகங்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. அவர்களில் ஷாஹிதாவும் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்மதமா வெறுப்பா என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை; பிறகும் கேட்கவில்லை.

பதினெட்டு நாளும் கழிந்தன. ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை இறக்கினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் கல் விழுந்தது. முன்னறை ஜன்னல் கண்ணாடி சில்லு சில்லாகத் தெறித்தது. வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். நாட்டின் பெயரைக் கெடுத்தவள் என்றார்கள், பைத்தியக்காரி என்றார்கள். ஒரு கடலையே கொன்றபோது கழுத்தில் மாலை போட்ட அதே ஊர். ஹெப்சிபா சுவரோரமாக நின்று அவர்கள் முகங்களைப் பார்த்தாள். பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். கோபம் வரவில்லை. திகைப்புதான் வந்தது. இத்தனை வருஷமாக எதிர்பார்த்த கல் இதற்குத்தானா வந்தது என்ற திகைப்பு.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தபிறகு அருள்தாஸ் விளக்குமாறு எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினான். அவள் முறத்தைப் பிடித்தாள். அவன் கையில் ஒரு சில்லு கீறி ரத்தம் வந்தது. அவள் அதைத் துடைத்துக் கட்டுப் போட்டாள்.

"ஹெப்சி, ஒண்ணு கேக்கேன்," என்றான். "அந்த வியாழன் நிலாவுல ஏதாச்சும் இருக்கும்னு நெனைக்கியா?"

"தெரியல."

"இனிமே நமக்குத் தெரியப்போறதும் இல்ல, என்னா?"

"நம்ம காலத்துல இல்ல."

வெளியே தெருவில் போக்குவரத்து பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. உனக்கு அது வருத்தமாக இல்லையா, சின்ன வயசிலிருந்து அதைத் தெரிந்துகொள்ளத்தானே படித்தாய் என்று கேட்டான்.

அவள் கட்டின் நுனியை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

"வருத்தந்தான்," என்றாள். "ஆனா இருந்துச்சுன்னா, இன்னமும் இருக்கும்லா."